54 வயதில் மேசை வேலையிலிருந்து கிடங்கு வேலைக்கு: உடம்பு பழகுமா?

பழையலெட்ஜர்

வணக்கம். வயது 54. கால் நூற்றாண்டுக்கும் மேலாகக் கணக்குப் பிரிவில் இருந்தவன். புது மென்பொருள் வந்தது, பிரிவைச் சுருக்கினார்கள், பட்டியலில் என் பெயரும் இருந்தது. அதைப் பற்றிப் புலம்ப இங்கே வரவில்லை. அதே மாதிரி வேலைக்குப் பல இடங்களில் விண்ணப்பித்தேன். நேர்முகத்துக்கு அழைத்தவர்கள்கூட ஆளைப் பார்த்ததும் "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். கடன் தவணை அதற்காகக் காத்திருக்குமா?

இப்போது ஒரு கிடங்கில் சேர்ந்திருக்கிறேன். லாரியிலிருந்து பெட்டி இறக்குவது, ரேக்கில் அடுக்குவது, ஸ்கேன் செய்வது, ஆர்டருக்கு எடுத்துக் கொடுப்பது. ஷிஃப்ட் முழுக்க நின்றபடியும் நடந்தபடியும்தான்.

முதல் நாளைவிட அதற்கு அடுத்த நாள் வலி அதிகமாக இருக்கிறது. படி ஏறிவிடுகிறேன், இறங்கும்போது தொடை நடுங்குகிறது. காலையில் எழுந்தால் கை விரல்களை முழுசாக மடக்க முடியவில்லை. கூட வேலை பார்க்கும் பையன்கள் இரண்டிரண்டு பெட்டியாக அள்ளிக்கொண்டு போகிறார்கள். இது எல்லாருக்கும் வருவதுதானா, அல்லது என் வயதுக்கு இந்த வேலை ஆகாது என்று உடம்பு சொல்கிறதா? இதே பாதையில் வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

மாடிப்படி

வாழ்த்துகள் சார்! ஜிம்முக்குப் பணம் கட்டிச் செய்வதை நீங்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறீர்கள். ஆறு மாதத்தில் தொப்பை போய்விடும், சர்க்கரை, பிரஷர் எல்லாம் இறங்கிவிடும். நல்லதுக்குத்தான் நடந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

குடோன்காரன்

அண்ணா, நான் அந்தப் பக்கத்து ஆள். கிடங்கில் ஷிஃப்ட் பார்க்கிறேன், வயது 31. என் குழுவில் ஐம்பதைத் தாண்டியவர்கள் எப்போதும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவர்களில் பாதியில் நின்று போனவர்களை யோசித்துப் பார்த்தால், பெரும்பாலும் முதல் வாரத்திலேயே தன்னை நிரூபித்துக் காட்டக் கிளம்பியவர்கள்தான். பலசாலிகள்கூட அதில் உண்டு.

பையன்கள் வேகத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். காலையில் பறப்பார்கள். மதியத்துக்கு மேல் ரேக்குக்குப் பின்னால் ஃபோனோடு நிற்பார்கள், தேடிப் பிடிக்க வேண்டும். ஒரே சீராகப் போகிறவரின் கணக்கு ஷிஃப்ட் முடியும்போது அவர்களோடு வந்து நிற்கும். இன்னொன்று, தப்பான சரக்கை எடுத்து வைத்து அது வாடிக்கையாளர் வரை போய்த் திரும்பினால், முதலில் எடுத்ததைவிடப் பல மடங்கு வேலை வைக்கும். வயதானவர்கள் லேபிளைப் படித்துவிட்டு எடுப்பார்கள். எனக்கு அதுதான் தேவை. என்னைப் போன்றவர்கள் அதை வாயைத் திறந்து சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பிசியோஅக்கா

இயன்முறை மருத்துவர் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அடுத்த நாள் வலி கூடுவது இயல்பு. பழக்கமில்லாத வேலை செய்தால் 24 முதல் 72 மணி நேரத்துக்குள் அந்த வலி உச்சத்துக்குப் போகும், பிறகு தானாக இறங்கும். லாக்டிக் அமிலம் தேங்குவதால் என்று எல்லாரும் சொல்வார்கள். அது வேலையை நிறுத்திய சற்று நேரத்திலேயே கலைந்துவிடும், மறுநாள் வரை இருக்காது. இந்த வலி தசை நார்களில் விழும் நுண்ணிய சேதத்தாலும் அதை உடம்பு சரிசெய்யும்போது வரும் அழற்சியாலும் வருவது. தசை நீண்டபடியே பாரம் தாங்கும்போது இந்தச் சேதம் கூடும். பெட்டியைத் தூக்குவதைவிட மெதுவாக இறக்கி வைப்பதுதான் அதிகம் வலிக்கச் செய்யும். படி இறங்கும்போது தொடை நடுங்குவதும் இதனால்தான்.

இனிச் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். உடம்பின் எல்லாப் பாகமும் ஒரே வேகத்தில் பழகாது. மூச்சு வாங்குவது சில வாரங்களில் குறையும். பலமும் ஆரம்பத்தில் சீக்கிரம் கூடும், ஏனென்றால் இருக்கிற தசையை நன்றாக இயக்க நரம்புகள் கற்றுக்கொள்கின்றன. ஆனால் தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவு. அவை கெட்டிப்பட மாதக்கணக்காகும். ஆகவே தோள்பட்டை, முழங்கை, குதிகால் பிடிப்புகளுக்கு நான் அதிகம் பயப்படுவது, "அப்பாடா, பழகிவிட்டது" என்று நிம்மதியாகும் கட்டத்தில்தான். தசை தயாராக இருக்கும், ஆள் வேகத்தைக் கூட்டிவிடுவார், தசைநாண் பின்தங்கியிருக்கும்.

காலையில் விரல் மடங்காதது பிடித்துப் பிடித்து வந்த வீக்கமாக இருக்கலாம். வெதுவெதுப்பான நீரில் வைத்து மெதுவாக மடக்கி நீட்டிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேலும் விறைப்பு விடவில்லை, விரல் கொக்கி போட்ட மாதிரி சிக்கிக்கொள்கிறது, இரவில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் எழுப்புகிறது என்றால் மருத்துவரிடம் போய்விடுங்கள். கடைசியாகச் சொன்னது மணிக்கட்டு நரம்பு அழுத்தம். விசைப்பலகைக் காலத்திலேயே தொடங்கியிருக்கவும் கூடும்.

சிறுநீர் கருந்தேநீர் நிறத்தில் போனால் மறுநாள் வரை காத்திருக்கவே கூடாது. தசை உடைந்து அதன் கழிவு சிறுநீரகத்துக்குப் போகிறது என்று பொருள். உடனே மருத்துவமனை.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். 1990இல் மரியா ஃபியாட்டரோனே என்ற மருத்துவரும் குழுவும் முதியோர் இல்லத்தில் இருந்த, தொண்ணூறை ஒட்டிய வயதினர் சிலருக்கு 8 வாரம் கால் தசைக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. 54 எல்லாம் தசைக்கு ஒரு வயதே இல்லை. மீள்வதற்கு நேரம் அதிகம் எடுக்கும், அதுதான் வித்தியாசம். தூக்கத்திலும் புரதத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

சுமைதூக்கி

பழகிவிடும் பழகிவிடும் என்று எல்லாரும் சொல்கிறீர்கள். எனக்குப் பதினெட்டு வயதிலேயே பழகிவிட்டது. ஐம்பதில் முட்டி போய்விட்டது. பழகுவதும் தேய்வதும் கூடவேதான் நடக்கும், ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்காது. மாடிப்படி தம்பி, ஜிம் என்று சொன்னீர்களே. ஜிம்மில் வலித்தால் கம்பியைக் கீழே வைக்கலாம். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்போது நான் எதைக் கீழே வைப்பது?

லெட்ஜர் ஐயாவுக்கு வேலை சொல்லித் தருகிறேன். பெட்டியைத் தூக்கும் முன் ஒரு மூலையைச் சாய்த்து எடை பாருங்கள். அட்டையின் அளவு எடையைச் சொல்லாது. வயிற்றோடு ஒட்டிப் பிடியுங்கள், சட்டை அழுக்காகட்டும். திரும்ப வேண்டுமென்றால் பாதத்தைத் திருப்புங்கள், இடுப்பை முறுக்காதீர்கள். டிராலியை இழுக்காதீர்கள், தள்ளுங்கள். தூக்கிக்கொண்டு நடக்கும் முன் எங்கே இறக்கப் போகிறோம் என்று இடத்தைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். கையில் பாரத்தோடு யோசிக்கக் கூடாது. இரண்டு பேர் தூக்கினால் ஒருவர்தான் சத்தம் கொடுக்க வேண்டும். உயர ரேக்கில் கனமானதை வைக்கச் சொன்னால் "இது இடுப்பு மட்டத்துக்கு" என்று சொல்லுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள், யாரும் கேட்பதில்லை என்பதுதான் விஷயம்.

எண்கணக்கு

> வயிற்றோடு ஒட்டிப் பிடியுங்கள்

இதற்குப் பின்னால் ஒரு கணக்கே இருக்கிறது. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்திய சூத்திரத்தின்படி, எல்லாம் சாதகமாக இருந்தால் ஒருவர் தூக்கச் சிபாரிசு செய்யும் உச்ச எடை 23 கிலோ. பெட்டியைப் பிடிக்கும் கை, கணுக்காலிலிருந்து 25 செ.மீ. தள்ளி இருக்கும்போதுதான் அந்த 23. அதுவே 50 செ.மீ. தள்ளிப் போனால் எடை பாதியாகிவிடும், 11.5 கிலோ. தரையிலிருந்து குனிந்து எடுத்தால் அதிலும் வெட்டு, உடம்பைத் திருப்பினால் வெட்டு, நிமிடத்துக்குப் பல முறை தூக்கினால் இன்னும் வெட்டு. பெட்டியில் அச்சிட்டிருக்கும் எடையை மட்டும் பார்த்து "இதுதானே" என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஒப்பிட்டுப் பாருங்கள். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967இல் சுமை எடை பற்றி உடன்படிக்கை போட்டபோது, கூடவே வந்த பரிந்துரையில் வயது வந்த ஆணுக்கு 55 கிலோ என்று எழுதியிருந்தார்கள். அந்த எண்ணைக் காட்டி இன்றும் யாராவது வாதாடினால் கேட்காதீர்கள்.

மாடிப்படி சொன்னதற்கும் பதில் உண்டு. 2021இல் கோப்பன்ஹேகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த ஆய்வு வெளியானது. ஓய்வு நேரத்தில் உடம்பை அசைத்தவர்களுக்கு இதய நோயும் மரணமும் குறைவு. வேலையில் உடலுழைப்பு அதிகம் உள்ளவர்களுக்கு இரண்டும் கூடுதல். இதை மறுப்பவர்களும் உண்டு. உழைப்பாளிகளின் வருமானம், புகைப்பழக்கம் போன்றவற்றை முழுசாகக் கழித்துப் பார்க்க முடியாது என்பது அவர்கள் வாதம், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் "வேலைதான் உடற்பயிற்சி" என்று யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது.

மாடிப்படி

சரி சரி, உற்சாகப்படுத்தத்தான் சொன்னேன். ஆனால் தோட்ட வேலைக்கு மாறியபின் எனக்குச் சர்க்கரை குறைந்தது உண்மை. என் வேகத்தை நானே தீர்மானிக்கிறேன், அந்த வசதி கிடங்கில் இருக்காதுதான்.

பழையலெட்ஜர்

இவ்வளவு பதில்களை எதிர்பார்க்கவில்லை. அக்கா, ஒரு சந்தேகம். பிரஷருக்கும் கொழுப்புக்கும் மாத்திரை எடுக்கிறேன். கிடங்கில் மதியம் நல்ல வெக்கை. நேற்று எழுந்து நிற்கும்போது தலை சுற்றியது. இடுப்புக்குப் பெல்ட் கட்டலாமா என்றும் யோசிக்கிறேன், பையன்கள் சிலர் கட்டுகிறார்கள்.

அப்புறம், சொல்வதா வேண்டாமா என்று இருந்தேன். பெட்டியின் கனத்தை ஒருவாறு சமாளிக்கிறேன். என் மகன் வயதுப் பையன் அட்டை வெட்டும் கத்தியை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று காட்டுகிறான். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் காட்டுகிறான். போன வாரம் சரக்கு வாங்க வந்தவர்களில் ஒருவர் என் பழைய அலுவலகத்துக்கு வந்து போகும் ஆள். ரேக்குக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன்.

பிசியோஅக்கா

முதலில் மாத்திரை. மருத்துவரைப் பார்க்கும் வரை நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். ஆனால் "இப்போது வெக்கையில் உடலுழைப்பு வேலை" என்று அவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். பிரஷர் மாத்திரைகளில் சில சிறுநீரைக் கூட்டி நீரை வெளியேற்றும். சில இதயத் துடிப்பு ஏற விடாமல் பிடித்து வைக்கும். மேசையில் உட்கார்ந்திருந்தவருக்குச் சரியாக இருந்த அளவு இப்போது மாற வேண்டியிருக்கலாம். கொழுப்புக்கான ஸ்டாட்டின் வகை சிலருக்குத் தசை வலி தரும். உங்கள் வலியில் அதன் பங்கு இருக்கிறதா என்பதையும் அவர்தான் பார்க்க வேண்டும். வலிக்கிறதே என்று இபுபுரூஃபன் போன்றவற்றைத் தினமும் விழுங்காதீர்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது அது சிறுநீரகத்தைப் பாதிக்கும், பிரஷர் மாத்திரையோடு சேர்ந்தால் இன்னும் மோசம்.

வெக்கைக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும். புதிதாக வருபவருக்கு முதல் நாள் வெக்கை வேலையில் 20 சதவீதம்தான், பிறகு நாளுக்கு 20 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்பது நியோஷின் வழிகாட்டல். உங்கள் இடத்தில் அப்படிச் செய்தார்களா? தாகத்துக்குக் காத்திருக்காமல் 15, 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை, அதாவது கிட்டத்தட்ட 240 மில்லி நீர். ஒரேயடியாக லிட்டர் கணக்கில் குடிப்பதும் வேண்டாம். நீர் அளவைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் முன்பே சொல்லியிருந்தால் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பெல்ட்டுக்கு அவசியமில்லை. கடைத் தொழிலாளர்களை வைத்துச் செய்து 2000இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், பெல்ட் கட்டியவர்களுக்கு முதுகுக் காயம் குறைந்ததாகத் தெரியவில்லை. கட்டியவருக்குத் தைரியம் கூடி அதிகம் தூக்குவார் என்பது என் கவலை.

குடோன்காரன்

20 சதவீதம் எல்லாம் எங்கள் பக்கம் யாரும் கேள்விப்பட்டதே இல்லை அக்கா. ஆள் வந்த அன்றே முழு லோடு. நான் என்னால் முடிந்ததைச் செய்கிறேன், புது ஆளை முதலில் ஸ்கேனரில் நிறுத்துவேன். மேலே இருப்பவர்கள் எண்ணிக்கையைக் கேட்கும் நாளில் அதுவும் நடக்காது.

அண்ணா, கத்தி விஷயம். அந்தப் பையனுக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். என் அப்பா வயதுக்காரர் ஒருவருக்கு "இப்படிப் பண்ணாதீர்கள்" என்று சொல்ல நான் பட்ட பாடு எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டால் விரல் போகும். நீங்களே போய் "தம்பி, இதைக் காட்டு" என்று கேட்டால் இரண்டு பேருக்கும் பாதிப் பாரம் குறையும்.

கவலைக்காரி

நான் இதை மறுபக்கத்திலிருந்து பார்த்தவள். என் கணவர் அலுவலகத்திலிருந்து கட்டட வேலைப் பக்கம் போனவர். வலியை அவர் சொல்லவே மாட்டார். வந்ததும் தரையில் படுப்பார், பேச்சில்லை, அப்படியே தூங்கிவிடுவார். எங்கள் மேல் கோபம் என்றே வெகு நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பேச உடம்பில் தெம்பில்லை என்பது பிறகுதான் புரிந்தது. சார், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள், "வந்ததும் அரை மணி நேரம் என்னை விட்டுவிடுங்கள், அப்புறம் பேசுகிறேன்" என்று. அந்த ஒரு ஏற்பாட்டில் எங்கள் வீட்டில் பாதிச் சண்டை நின்றது.

பழைய ஆளைப் பார்த்து ஒளிந்தது பற்றி: என் கணவரும் செய்தார். ஒரு நாள் ஒளிய இடமில்லாத இடத்தில் ஒருவர் எதிரே வந்துவிட்டார். அவர் கேட்டது "இங்கே ஆள் எடுக்கிறார்களா?" என்று. அவருக்கும் வேலை போயிருந்தது.

எண்கணக்கு

1930களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவின் மரியன்தால் என்ற ஊரில் நெசவாலை மூடியபின் மரீ யஹோடாவும் சக ஆய்வாளர்களும் அந்த மக்களோடு பழகிப் பார்த்தார்கள். நிறைய நேரம் கிடைத்தும் மக்கள் நூலகத்துக்குப் போவது குறைந்தது. தெருவில் ஆண்களின் நடை வேகத்தைக்கூட அளந்தார்கள். பெண்களைவிட மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். வேலை சம்பளம் மட்டும் தருவதில்லை, நாளுக்கு ஒரு வரிசையையும் நாலு பேர் பழக்கத்தையும் தருகிறது என்று யஹோடா பின்னாளில் எழுதினார். லெட்ஜர் ஐயாவுக்கு அந்த இரண்டும் திரும்பக் கிடைத்திருக்கின்றன. மரியாதைதான் இன்னும் வந்து சேரவில்லை.

சுமைதூக்கி

> மரியாதைதான் இன்னும் வந்து சேரவில்லை

எங்களுக்கு எப்போது வந்து சேர்ந்தது? கோபமில்லை ஐயா, கேட்கிறேன். மேசையில் இருப்பவருக்கு அது போனால் அதைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. முதலிலிருந்தே மூட்டை தூக்கியவனுக்கு அப்படி ஒன்று இருந்ததாகவே யாருக்கும் நினைவில்லை.

எண்கணக்கு

நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

பழையலெட்ஜர்

சுமைதூக்கி ஐயா கேட்டது மனதில் தைத்துவிட்டது. எங்கள் பழைய அலுவலகத்தில் சரக்கு ஏற்றுபவர்களின் கூலிச் சீட்டு என் மேசை வழியாகத்தான் போகும். கையெழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

இப்போதைய நிலவரம்: மருத்துவர் பிரஷர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், தலைசுற்றல் இல்லை. தொடை வலி போய்விட்டது, கை இன்னும் காலையில் மக்கர் செய்கிறது. புதிதாக ஒரு யோசனை. இங்கே ரேக் எண்கள் ஓடும் வரிசைக்கும் ஆர்டர் சீட்டில் வரும் வரிசைக்கும் சம்பந்தமே இல்லை. ஒரே ஆர்டருக்கு ஒரே சந்தில் மூன்று முறை நடக்கிறோம். மாற்றினால் எல்லாருக்கும் நடை மிச்சம். நிர்வாகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதட்டுமா?

குடோன்காரன்

வேண்டாம் அண்ணா! மின்னஞ்சல் வேண்டவே வேண்டாம். நேராக மேலே எழுதினால் உங்கள் ஷிஃப்ட் பார்ப்பவர் தன்மேல் புகார் போனதாக எடுத்துக்கொள்வார். இன்னும் கொஞ்ச காலம் போகட்டும். ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று முதலில் விசாரியுங்கள், சில இடங்களில் கனமானது கீழே, வேகமாக ஓடும் சரக்கு வாசலுக்குப் பக்கத்தில் என்று காரணம் இருக்கும். பிறகு ஷிஃப்ட் பார்ப்பவரிடம் தனியாக, ரேக்குகளுக்கு இடையே உள்ள ஒரே ஒரு சந்தின் நிலையைக் காட்டிச் சொல்லுங்கள். அவர் தன் யோசனையாக மேலே கொண்டுபோனால் கொண்டுபோகட்டும், உங்களுக்கு நடை குறைந்தால் சரி.

சுமைதூக்கி

ஜாக்கிரதை. கணக்குத் தெரியும் என்று காட்டினால் கணக்கையும் பார்க்கச் சொல்வார்கள், பெட்டியையும் தூக்கச் சொல்வார்கள். சம்பளம் ஒன்றுதான். கொடுக்கிற வேலைக்குப் பதிலாக எந்த வேலையைக் குறைப்பார்கள் என்று கேட்டுவிட்டு ஒத்துக்கொள்ளுங்கள்.

குடோன்காரன்

இது சரியான பேச்சு. இருப்பு எண்ணுவது, திரும்பி வரும் சரக்கைச் சரிபார்ப்பது, டிஸ்பேட்ச் ஆவணம், இந்த மூன்றிலும் கணக்குத் தெரிந்த ஆளுக்கு எப்போதும் பற்றாக்குறை. முழு நேரமும் வேண்டாம், ஷிஃப்டில் பாதி அங்கே, பாதி லோடில் என்று கேளுங்கள். தசைநாண் பற்றி அக்கா சொன்னதற்கும் அது ஒத்துவரும். ஃபோர்க்லிஃப்ட் பயிற்சி கொடுத்தால் அதற்கும் பெயர் கொடுத்து வையுங்கள்.

பிசியோஅக்கா

ஃபோர்க்லிஃப்டில் உட்கார்ந்து போகலாம் என்பதால் முதுகு தப்பிக்கும் என்று நினைக்க வேண்டாம். இருக்கையின் அதிர்வு, பின்னால் போகும்போது கழுத்தைத் திருப்பியபடி இருப்பது இரண்டும் வேறு வகையில் வலிக்கும். ஆனால் சுமை தூக்குவதோடு மாற்றி மாற்றிச் செய்தால் நல்லதே. ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்வதுதான் எதிரி.

கண்ணாடி போடுகிறீர்களா? யாரும் கேட்கவில்லை.

பழையலெட்ஜர்

போடுகிறேன் அக்கா, ஒரே கண்ணாடியில் தூரமும் கிட்டமும் பார்க்கும் வகை.

பிசியோஅக்கா

அப்படியானால் ஏணியிலும் படியிலும் கவனம். கீழே பார்க்கும்போது கண் படிக்கும் பகுதி வழியாகப் பார்க்கும், படியின் விளிம்பு மங்கலாகத் தெரியும். விழுவதற்கு அது ஒரு பெரிய காரணம். தூரத்துக்கு மட்டும் தனியாக ஒரு கண்ணாடி வாங்கி ஏணி வேலைக்கு அதைப் போடுங்கள். லேபிள் படிக்கப் பழையதைக் கயிற்றில் மாட்டி வைத்துக்கொள்ளலாம்.

சுமைதூக்கி

கயிறு வேண்டாம் அக்கா, கன்வேயர் பெல்ட் இருக்கிற இடத்தில் கழுத்தில் எதுவும் தொங்கக் கூடாது. சட்டைப் பையில் வைத்துப் பொத்தானைப் போடச் சொல்லுங்கள். ஷூ வாங்கும்போது சாயங்காலம் போய் வாங்குங்கள் ஐயா, நின்று நின்று கால் வீங்கியிருக்கும், அப்போது பொருந்துவதுதான் சரியான அளவு.

பழையலெட்ஜர்

கன்வேயர் இருக்கிறது. பையிலேயே வைத்துக்கொள்கிறேன். திரும்பி வரும் சரக்குப் பிரிவில் பாதி நேரம் கேட்டிருக்கிறேன், வாரக் கடைசியில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள்.